ரெட்டியார்பாளையத்தில் காலிக் கேபினெட்டுக்கு ஒரு மாலை

போன நவம்பரில், கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போய்வந்தேன். கடல் பார்க்கவோ, மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளவோ அல்ல. இன்னும் கடைக்கே வராத ஒரு சிப்பைப் பற்றிப் பேசுவதற்காக. இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இந்த ப்ளாக்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நான் சென்னையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். அடுத்த வருடம் என்ன ப்ராசசர் வரும், எந்த மெமரி ஒழியும் என்று வெளிநாட்டுத் தளங்களை மேய்ந்து ஆரூடம் சொல்வது என் பொழுதுபோக்கு. சிலருக்கு கிரிக்கெட், எனக்கு இது. அந்த ஆகஸ்டில், ஒரே சிப்பில் இரண்டு மூளைகள் வரப்போகின்றன என்று எழுதியிருந்தேன். வேகத்தை ஏற்றிக்கொண்டே போன கம்பெனிகளுக்குச் சூடு தாங்கவில்லை, இனி ஒரு மாட்டை விரட்டுவதைவிட இரண்டைப் பூட்டுவதுதான் வழி, ஆகவே வாங்க நினைப்பவர்கள் பொறுத்திருங்கள் என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

நவம்பரில் ரெட்டியார்பாளையத்திலிருந்து கலைச்செல்வி என்பவர் மின்னஞ்சல் அனுப்பினார். அவரும் கணவர் தனசேகரும் கல்யாண வீடியோ எடுப்பவர்கள். கணவர் எடுப்பார், இவர் எடிட் செய்வார். விழுப்புரம் சாலையில் உள்ள ஒரு மண்டபம், தை மாதக் கல்யாணங்கள் அத்தனையையும் இவர்களுக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஒரே நிபந்தனை, ஒரு வாரத்துக்குள் டிவிடி கையில் இருக்க வேண்டும். பாதிக்குமேல் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள், லீவு முடிந்ததும் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். இவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணத்தை முடிக்கவே மூன்று வாரம் ஆகிறது. சனிக்கிழமை மாலைக்குள் மண்டபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“ரெண்டு மூளை சிப்பு தைக்குள்ள வருமா சார்? வரும்னா ஒத்துக்கறோம். வராதுன்னா இவரு தொழிலையே விட்டுட்டு விழுப்புரத்துல மாமா கடைக்குப் போறேங்கறாரு” என்று முடித்திருந்தார்.

பதிலைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் ஆரூடத்தை நம்பி ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தபின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்சம் பெருமை, நிறைய பயம்.

கோயம்பேட்டில் காலை ஆறு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பேருந்தைப் பிடித்தேன். சுமார் 160 கிலோமீட்டர், 58 ரூபாய். ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்பட்டவன் நான் ஒருவன்தான், காரணம் கல்பாக்கம் தாண்டி மழை வலுத்தபோது தெரிந்தது. மரக்காணத்தில் உப்பளங்கள் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. ஒன்பதே முக்காலுக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் நனைந்த தோளோடு இறங்கினேன்.

அங்கிருந்து ஆட்டோ நாற்பது கேட்டார்கள். ஆள் சேர்த்துக்கொண்டு போகும் டெம்போவில் நான்கு ரூபாய்.

“ரெட்டியார்பாளையம் போகுமா?”

“மூலக்குளம் வரிக்கும் போவுது சார். உள்ள குந்துங்க, எடம் இருக்குது.”

இடம் இருந்தது, முழங்காலை வைக்கத்தான் இல்லை. நெல்லித்தோப்பு தாண்டுவதற்குள் என் மடியில் யாருடைய கீரைக்கட்டோ வந்து உட்கார்ந்துவிட்டது.

தனசேகர் சாலையிலேயே குடையோடு நின்றிருந்தார். வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. மேசைமேல் பழைய கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் பளபளவென்று ஒரு புதுக் கேபினெட், அதாவது கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி. அதற்குச் சந்தனம், குங்குமம், காய்ந்துபோன ஒரு சாமந்தி மாலை. ஆர்வத்தில் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பவர் சப்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. மதர்போர்டு போட வேண்டிய இடத்தில் விபூதிப் பொட்டலம் இருந்தது.

“ஆயுத பூஜைக்குள்ள வாங்கிப் பூஜை போட்டுடணும்னு பாத்தோம் சார். சிப்பு இன்னும் வரல, நாளு நிக்குமா? அதான் பொட்டியை மட்டும் வெச்சிப் படச்சிட்டோம். உங்க சிப்பு வந்தா உள்ள மாட்டிக்கலாம்” என்றார் தனசேகர்.

உங்க சிப்பு! சிரிப்பு வந்தது. அமெரிக்காவில் யாரோ கசியவிட்ட ஒரு படத்தை வைத்து நான் விளையாட்டாக எழுதியதற்கு இங்கே சாமி கும்பிட்டிருக்கிறார்கள்.

கலைச்செல்வி காபி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். “சொல்லுங்க சார். தைக்குள்ள வருமா?”

“நீங்க வேலை செய்யறதை முதல்ல பாக்கறேனே” என்றேன். நேரம் கடத்தத்தான் சொன்னேன்.

அவர் ஒரு மாலை மாற்றும் காட்சியை ஓடவிட்டார். மணமகள் கையைத் தூக்கியபடி நின்றுவிட்டாள். ஐந்து நிமிடம் கழித்துக் கை அரை அங்குலம் இறங்கியது. “இந்தப் பொண்ணு கைய எறக்கறதுக்குள்ள நான் சோறு வடிச்சிட்டு வந்துடுவேன் சார். ரெண்டு மூளை இருந்தா டக்குனு எறக்கிடுவா இல்ல?”

நான் திரையில் ப்ராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஜன்னலைத் திறந்தேன். பாதிக்குக் கீழேயே இருந்தது. ஆனால் ஹார்டு டிஸ்க்கின் சிவப்பு விளக்கு மட்டும் அணையவே இல்லை. மெமரி 256 எம்பி. படத்தைப் படிப்பதும் முடித்ததை எழுதுவதும் ஒரே டிஸ்க்கில், அதுவும் கழுத்துவரை நிரம்பியது. அவருடைய எடிட்டிங் மென்பொருளோ பழைய வெர்ஷன். இரண்டு மூளையைக் கொடுத்தாலும் ஒன்றைத்தான் பயன்படுத்தும், மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும். இருக்கிற ஒரு மூளையே பாதி நேரம் டிஸ்க்குக்காகக் காத்திருந்தது.

ஒரு கணம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. அந்தச் சிப்பு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

“அந்தச் சிப்பு எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் இந்த வேலைக்கு அது முதல் தேவை இல்லை. மெமரியை நாலு மடங்கு ஏத்துங்க, தனியா ரெண்டாவது டிஸ்க் போடுங்க, கடைல இன்னிக்கி இருக்கற நடுத்தரமான ப்ராசசரையும் போர்டையும் வாங்குங்க. ஒரு வாரத்துல கல்யாணம் முடியும்” என்றேன்.

தனசேகருக்கு முகம் விழுந்துவிட்டது. “வெயிட் பண்ணுங்கன்னு நீங்கதான சார் எழுதனீங்க? இன்னிக்கி வாங்கி, மூணு மாசத்துல அது வந்துட்டா? இந்தப் போர்டுல அது ஒக்காருமா?”

“ஒரு கம்பெனி உக்காரும்கறான். இன்னொரு கம்பெனி புதுப் போர்டு வேணும்கறான். நீங்க வாங்கப் போறதுல அனேகமா உக்காராது.”

“அப்ப பணம் போச்சே!”

“ஏங்க, அது வர்றப்ப வரட்டும்” என்றார் கலைச்செல்வி. “தை மாசம் வெயிட் பண்ணுமா?” அவர் மேற்கொண்டு எங்களோடு பேசவில்லை. செல்போனை எடுத்து மண்டபத்தைக் கூப்பிட்டு, “நாங்களே பண்றோம்ணே, அத்தனையும்” என்று சொல்லிவிட்டார்.

மூவருமாக நேரு வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். வழியெல்லாம் உம்மென்று வந்த தனசேகர் கடைக்காரரிடம் கடைசி முயற்சியாக இரட்டை மூளையைப் பற்றிக் கேட்டார். அவர் தலையைத் தூக்காமலே, “வந்தா விப்போம் சார். இன்னிக்கி என்னா வேணும்?” என்றார். வரி குறைவு என்பதால் மொத்தத்தில் சென்னை விலையைவிட ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். மாலை நான்கு மணிக்குள் மாலை போட்ட கேபினெட்டில் எல்லாவற்றையும் மாட்டினோம். விபூதியை மட்டும் வெளியே எடுக்க வைத்தேன், தனசேகர் அதற்கும் முனகினார். திரையில் மணமகள் மாலையைப் போட்டே விட்டாள். ஐந்தரை மணிப் பேருந்தில் திரும்பினேன்.

அந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலத்தில் ஜன்னல் சீட்டு வேண்டாம். டெம்போவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சாமான் வாங்கினால் பில்லைப் பையின் அடியில் போடாதீர்கள், கனகசெட்டிக்குளத்துச் சோதனைச் சாவடியில் கேட்டாலும் கேட்பார்கள். வாங்குவதற்கு முன், உங்கள் பழைய மெஷின் எந்த இடத்தில் திணறுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

ஆரூடம் சொல்வதை நான் விடப்போவதில்லை. நாளைக்கு வரப்போகிற ஒன்றை இன்றைக்கே நினைத்துப் பார்ப்பதில் உள்ள சுகம் எனக்கு வேறெதிலும் இல்லை. அது வேடிக்கை பார்க்கிறவனுடைய சுகம் என்பதை மட்டும் அன்று புரிந்துகொண்டேன்.

இந்தக் கோடையில் அந்தச் சிப்பு வந்தேவிட்டது. விலை எட்டாத உயரம், அவர்கள் வாங்கிய போர்டில் உட்காரவும் உட்காராது. இருந்தாலும் சொன்னது பலித்த சந்தோஷத்தில் கலைச்செல்வியைக் கூப்பிட்டேன்.

“அப்பிடியா சார்? வந்துடுச்சா? நல்லதாப் போச்சி” என்றார். “உங்க ப்ளாக் பக்கம் வந்தே மாசக்கணக்காவுது சார், கோச்சிக்காதீங்க. வைகாசி பூரா கல்யாணம். இருங்க, பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாங்க, அப்பறம் பேசறேன்.” வைத்துவிட்டார்.

முதலில் சுருக்கென்றது. என் பதிவுகளில் ஒரு வரி விடாமல் படித்தவர் அவர். பிறகு யோசிக்க யோசிக்கச் சந்தோஷமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது கையில் வேலை காத்திருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய் அதைப் பாருங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.