ட்ராசாவுக்கென்று ஒரு கெர்னல்

எங்கள் தீவு நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருஷம், எங்கள் ஊரான ட்ராசாவில் எல்லோரும் வெளிநாடு போக வீசா வாங்குவதில் மும்முரமாக இருந்தார்கள். நான் கெர்னல் கட்டுவதில் மும்முரமாக இருந்தேன். இதில் யார் புத்திசாலி என்று என் மனைவி தினமும் சொல்லிக் காட்டினாள்.

கெர்னல் என்பது கணினியில் மற்ற எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் அடிப்படை நிரல். கட்டற்ற மென்பொருள் என்பதால் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் ஊருக்கு ஏற்றபடி பேக்கேஜ் செய்து கொடுக்கலாம். வெளிநாட்டில் இதே வேலை செய்யும் தொண்டர்களுக்கு டீ ஆறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். நான் வாத்தியாராக இருந்த லௌடோகா பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட என் கணினிப் பெட்டியோ, காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை அரைத்துக்கொண்டிருக்கும். பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. மனைவி மிக்ஸி போடப் போனாலே ஓடிப்போய்த் தடுப்பேன்.

அதனால் ஒரு சிக்கனம் கண்டுபிடித்தேன். உலகத்திலுள்ள கருவிக்கெல்லாம் டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், எதற்கு? என் சிடியை வாங்கிப் போட்டுக்கொள்ளும் நாலைந்து வீடுகளில் என்ன இருக்கிறதோ அது போதும். ஒரு குடும்பம் ஆக்லாந்துக்குப் போனால் அவர்களுடைய பிரிண்டரின் டிரைவரை எடுத்துவிடுவேன். இன்னொரு குடும்பம் சிட்னிக்குப் போனால் மோடம் காலி. தெரு காலியாகக் காலியாக என் வேலை சீக்கிரம் முடிந்தது. இதைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம், யங்கோனா வேர்ச்சாறு குடிக்கும்போது, வெட்கமில்லாமல் பெருமையடித்துக்கொண்டேன்.

அண்ணன் கரும்பு விவசாயி. தெருவில் என்னோடு தமிழில் பேச மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். கணினியில் பாட்டுக் கேட்க சவுண்டு கார்டு வைத்திருந்தவரும் அவர் ஒருவர்தான். விடிந்ததும் மாரியம்மன் பாட்டைப் போட்டு என் தூக்கத்தைக் கெடுப்பார். "எவன் போனாலும் நான் போவமாட்டேன் தம்பி" என்று கிண்ணத்துக்கு ஒரு தரம் சொல்வார். அவர் போய்விடக் கூடாது என்பதுதான் அந்த வருஷம் எனக்கிருந்த ஒரே வேண்டுதல்.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால், எங்கள் சமையலறையில் அண்ணன் வீட்டு ஆட்டுக்கல் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கல் வீடு மாறினால் ஆள் நாடு மாறப்போகிறார் என்று அர்த்தம். விமானத்தில் ஏற்ற முடியாததைத்தான் முதலில் கொடுப்பார்கள். எனக்குத் துக்கமும் வந்தது, கோபமும் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அந்தக் கோபத்தில் புதிய கெர்னலிலிருந்து ஒலிப் பகுதியை மொத்தமாகத் தூக்கினேன். ஒரு மணி நேரம் மிச்சமானது. ஆனால் பழக்க தோஷத்தில், அந்த சிடியை அண்ணனுக்கும் கொடுத்துத் தொலைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பாட்டு வரவில்லை. அண்ணன் வந்தார்.

"பொட்டி ஊமையாப் போச்சு தம்பி."

"ஸ்பீக்கர் ஒயரப் பாருங்கண்ணே."

"ஒயரெல்லாம் பாத்தாச்சு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் போறேன்னு யாரு சொன்னா ஒனக்கு?"

நான் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினேன். ஆட்டுக்கல்லைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலடா" என்றார். உடனே குரலை உயர்த்தினார். "அரே, பிளேன் ஏறுறமட்டும் நான் இங்கதானே இருக்கேன்! அதுக்குள்ள என்னத் தூக்கிட்டியா? திருப்பிப் போடு!"

போட்டேன். அன்றைக்கென்று பார்த்து இரண்டு தரம் கரண்ட் போனது. மூன்றாவது தரம் முடித்துக் கொடுத்தபின், மாரியம்மன் வழக்கத்தைவிடச் சத்தமாக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். அண்ணன் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருப்பார்.

அவர் தன் கணினிப் பெட்டியோடு பிரிஸ்பேன் போனபின் எங்கள் தெருவில் சவுண்டு கார்டே கிடையாது. ஆனாலும் அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு பதிப்பையும் ஒலிப் பகுதியோடுதான் கட்டினேன்.

"யாரு கேக்குறதுக்கு இது?" என்றாள் மனைவி, அந்த ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டே.

"அண்ணன் லீவுல வந்தா?"

"பொட்டியத் தூக்கிக்கிட்டா வருவாரு?"

வரமாட்டார் என்று எனக்கும் தெரியும். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும். ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.