நாலு கோட்டு நாய்

டிராயிங் டீச்சருக்கு நாய் என்றால் நாலு கோடு. முதுகு ஒன்று, வயிறு ஒன்று, கால்களெல்லாம் சேர்ந்து ஒன்று, மூக்கு ஒன்று. வீட்டு நாய் மண்டுவை வைத்துத்தான் பழகினாள். முதலில் முடி, நகம் வரை முழுசாக வரைவாள். பிறகு ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வருவாள். இன்னும் ஒரு கோட்டை எடுத்தால் நாயே இல்லை என்கிற இடத்தில் கையை நிறுத்துவாள். பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரமெல்லாம் இதற்கே போனது. அந்தப் படங்களைக் கண்காட்சிகளிலும் வைத்தார்கள்.

"நல்லவேளை, என்னை வரையல. மீசையோட நிறுத்தியிருப்பே" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

இப்போது மண்டு சமையலறை மேஜைக்கடியில் எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தான். மருத்துவர் சொல்லிவிட்டார்: "இனிமே தேறாதும்மா. சொன்னா வீட்டுக்கே வந்து ஊசி போட்டுடறேன். இழுத்தடிக்காதீங்க."

அவள் இழுத்தடித்தாள். "நாளைக்குப் பார்க்கலாம். காலைல என்னைப் பார்த்தானே!"

கணவர் குனிந்து மண்டுவின் காதைத் தடவினார். "சரி, ஒரு தடவையாவது அவனை அவனா வரைஞ்சு வை. நாலு கோட்டைப் பார்த்து நான் எப்படிம்மா அழுவேன்?"

தரையில் உட்கார்ந்தாள். பென்சில் முதுகில் ஆரம்பித்து ஒரே வீச்சில் வில்லாக வளைந்து போனது. அழித்தாள். மறுபடியும் அதே வில். வருஷக்கணக்காகப் பழகின கை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கடைசியில் இடது கையை அவன் முதுகில் வைத்து மெல்ல நகர்த்தினாள். அது தொட்டதை மட்டும் வலது கை வரைந்தது. முடிச்சு முடிச்சாக முதுகெலும்பு. விலாக்களுக்கு நடுவே குழி. ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்து, இடுப்பில் முடி உதிர்ந்து புண்ணான தோல். பாதி மூடின கண்.

டீயோடு வந்த கணவர் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இவ்வளவு இளைச்சுட்டானா?"

அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அங்கே மாட்டியிருந்த நாலு கோட்டு மண்டு இளைக்கவே இல்லை, இன்னும் பாய்ந்துகொண்டிருந்தான். இத்தனை நாளும் அவனைப் பார்த்துத்தான் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

"தண்ணி ஏதாவது வைக்கட்டுமா அவனுக்கு?"

"வேண்டாங்க. டாக்டரை வரச் சொல்லுங்க."

"இன்னைக்கேவா?"

"இப்பவே."

அவர் டீயை வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். அவள் ஒரு பழைய துண்டை நாலாக மடித்து, தரையில் அழுந்திக்கொண்டிருந்த அவன் இடுப்பெலும்புக்கடியில் மெதுவாக நுழைத்தாள்.