சம்சாரிகளுக்கு மட்டும்

நேற்று பதுளையில் மருந்து வாங்கப் போன வழியில் ஒரு கேட்டில் பலகை தொங்கியது. ‘வீடு வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்.’ பெயின்ட் இன்னும் காயவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஹாலிஎல ஞாபகம் வந்துவிட்டது. நானும் இப்போது வீடு தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பதுளை வரைக்கும் ரயில் வந்த புதிது. கடைத்தெருவில் ஜவுளிக்கடைகளில் துணி கிழித்துக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் திடீரென்று நாகரிகம் வந்தது. ஹாலிஎலவில் குடியிருப்பது, காலை ரயிலில் வேலைக்குப் போவது, மாலை ரயிலில் திரும்புவது. கையில் தூக்குச்சட்டி, கழுத்தில் மஃப்ளர். அரை மணிப் பயணத்துக்கு, என்னவோ கொழும்புக்கே போகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். இதை மோப்பம் பிடித்த முத்தையா என்ற வியாபாரி, ஸ்டேஷனுக்கு மேலே ஐந்து வீடுகளை ஒரே வரிசையாகக் கட்டினார். ஐந்துக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரண்டிலும் புதுப் பெயின்ட் வாசனை. தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களுக்குக் கட்டும் லயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான்: இதை லயம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ‘ஸ்டேஷன் வீடு’ என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகாதவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்.

நானோ கட்டைப் பிரம்மச்சாரி. கடைக்குள்ளேயே துணிக்கட்டுகளின் மேல் படுக்கை. தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றில் கூலியாட்களை மேய்க்கும் சில்லறைக் கங்காணியாக இருந்த மாமாவின் மகள் பேச்சியை எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசிவைத்திருந்தார்கள். ஆனால் மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.

“துணிக்கட்டு மேல தூங்குறவனுக்கு எப்படி மாப்ள பொண்ணு குடுக்குறது? ஒரு கூரையப் பாத்துட்டு வாங்க.”

தை மாதம் வரை கெடு. இதற்கிடையில் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரும் பேச்சியைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். ஆக, பெண் வேண்டுமானால் வீடு வேண்டும். வீடு வேண்டுமானால் பெண்டாட்டி வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று முத்தையாவிடம் போனேன். ஊரை விசாரித்தார். சாத்தூர்ப் பக்கம் என்றேன். அடுத்து, “நீங்க சம்சாரிதானே?” என்று கேட்டார்.

எங்கள் கரிசல் காட்டில் சம்சாரி என்றால் ஏர் பிடித்து உழுகிறவன். குலம் கோத்திரம் விசாரிக்கிறார் என்று நினைத்து, “ஆமாங்க, பரம்பரையாச் சம்சாரிதாங்க” என்றேன்.

‘பரம்பரையா’ என்றதும் ஒரு கணம் முழித்தார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டார்.

அவர் துறையூர்க்காரர். அவர் ஊரில் சம்சாரி என்றால் பெண்டாட்டி உள்ளவன் என்பது, அன்று சாயங்காலம் அவர் மனைவி செல்லம்மா வந்து, “உங்க சம்சாரம் எங்க?” என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் நான் யோக்கியன். நான் சொன்னது வேறு.

“அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா.”

பேச்சி தன் அம்மா வீட்டில்தானே இருந்தாள் என்று மனதுக்குள் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டேன். ஆனால் செல்லம்மாவோ, பிரசவத்துக்குத்தான் போயிருக்கிறாள் என்று தானாகவே முடிவுகட்டி வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். ரயிலில் எதிரே உட்காருகிறவர்களெல்லாம் எத்தனை மாதம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானும் வெட்கமில்லாமல் ஒரு கணக்குச் சொல்லிவைத்தேன். எப்போது வருவாள் என்று கேட்டவர்களிடம் தை மாதம் என்றேன்.

மாமா வந்து பார்த்தார். கூரையை நிமிர்ந்து பார்த்து, இதுவும் லயம்தானே என்றார். நல்ல வேளை, முத்தையா பக்கத்தில் இல்லை. தையில் தோட்டத்துக் கோவிலிலேயே கல்யாணம் முடிந்தது. ஹாலிஎல ஸ்டேஷனில் இறங்கும்போது பேச்சியின் கழுத்தில் தாலிக்கயிறு மஞ்சள் மாறாமல் மின்னியது. வாசலில் செல்லம்மா குழந்தைக்கு வசம்பு வளையலோடு நின்றார். கயிற்றைப் பார்த்தார், வெறுங்கையைப் பார்த்தார்.

“பிள்ளை எங்கம்மா?”

பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இனிமேத்தாங்க பெறணும்” என்றாள்.

முத்தையா ஓடிவந்தார். சம்சாரி என்று சொன்னீர்களே என்றார். சம்சாரிதான் என்று எங்கள் மானாவாரி நிலத்தையும் ஏரையும் சொன்னேன். சாவியைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். பேச்சி தலையில் டிரங்குப் பெட்டியோடு நின்றாள். செல்லம்மாதான் வளையலை அவள் கையில் வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

“இப்பச் சம்சாரிதானே. இருந்துட்டுப் போகட்டும்.”

அந்த வளையலை எங்கள் மகன் போட்டுத் தேய்த்தான். இன்று அந்த வரிசை வீடுகளும் இல்லை, தூக்குச்சட்டிக் கூட்டமும் இல்லை. எல்லோரும் பஸ்ஸில் போகிறார்கள். சம்சாரி என்று யாரும் கேட்பதுமில்லை. பேச்சி போய் ஒன்பது மாதமாகிறது. அவள் இல்லாத வீட்டில் இருக்க முடியாமல்தான் வேறு வீடு தேடுகிறேன்.

நேற்று அந்தக் கேட்டைத் தட்டினேன். ஒரு பெண் வந்து, “ஐயா மட்டுமா? அம்மா இல்லையா?” என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

“அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா” என்று வாயில் வந்துவிட்டது.

“எப்ப வருவாங்க?” என்றாள்.

அன்றைக்குத் தை மாதம் என்று சொல்ல முடிந்தது. நேற்று கேட்டை நானே சாத்திவிட்டு வந்துவிட்டேன்.