துரைசாணியின் ரோஜாவும் முனியம்மாவின் ஆடுகளும்

மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நாய் பார்க்கும் வேலை எனக்கு. துரை சீமையிலிருந்து தருவித்த நாய் அது. கால் ஒரு சாண், வேகம் ரயில். ஆடு மாடு மேய்க்கப் பிறந்த ஜாதியாம். இங்கே மேய்க்க ஒன்றும் இல்லாததால் இதுவரை என்னைத்தான் மேய்த்தது.

இன்று காலை குளிப்பாட்டும்போது நழுவி, கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் ஓடியது. சற்று நேரத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முனியம்மாவின் ஆடுகளை எல்லாம் பங்களாத் தோட்டத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆடுகள் துரைசாணியின் ரோஜாச் செடிகளில் வாய் வைத்தன.

துரை கத்தினார். "இனிமே லயத்துல ஆடே இருக்கக் கூடாது!"

பின்னாலேயே ஓடிவந்த முனியம்மா அழாத குறையாகச் சொன்னாள். "ஆடு தானா வரலீங்க தொரை. ஒங்க நாய்தான் ஓட்டியாந்துச்சு. நீங்களே பாருங்க."

துரை பார்த்தார். சிதறிய ஆடுகளை நாய் சுற்றிச் சுற்றி ஓடி ஒரே மூலையில் சேர்த்தது. சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் அவர் முகம் மலர்ந்தது.

"பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் நாய்க்குச் சபாஷ் போட்டுக் கைதட்டினார். முனியம்மா பக்கம் திரும்பினார். "நாளைக்கும் ஆடு கொண்டு வா!"

முனியம்மாவின் ஆடுகள் பிழைத்தன. மொட்டையாய் நின்ற ரோஜாச் செடிகளைப் பார்த்த துரைசாணி, "உடனே கட்டிப் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாயையா, துரையையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?