பக்கத்து சீட்டில் இருந்து எழுந்துபோன அக்கா

இன்று காலை சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு இருமல் அடங்கவே இல்லை. பக்கத்தில் இருந்த அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா, டிபியா?"

"இல்லக்கா, ஒட்டாது. பூசணம் புடிச்ச வைக்கோல் தூசி எனக்கு ஒத்துக்கல. அதுல நுரையீரல் வீங்கிக் கீது."

இரண்டு வருடமாக இதையே எல்லோரிடமும் சொல்லி அலுத்துவிட்டது. டாக்டர் சொன்னார் என்று மாட்டையும் விற்றுவிட்டேன். ஆனாலும் நுரையீரலில் விழுந்த தழும்பு ஆறாதாம்.

அவர் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வைக்கோல் போர் பிரிச்சா எனக்கும் சாயங்காலமே ஜொரம் வந்து மூச்சு வாங்குதும்மா. சளின்னு மாத்திரை தின்னுக்கினு கீறேன்."

"என்னை மாரி லேட் பண்ணாதக்கா. நெஞ்சு டாக்டராண்ட போ. வைக்கோல் விஷயத்த மறக்காம சொல்லு."

அவர் மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த நோவு பேர எழுதிக் குடும்மா."

மருந்துச்சீட்டின் ஓரத்தைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்: ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைடிஸ்.

இதைச் சொல்லி முடிக்கவே எனக்கு மூச்சு பத்தவில்லை. சின்னதாக ஒரு தமிழ்ப் பெயர் இருந்தால் கமெண்டில் போடுங்களேன்.