பதினாலாம் ஃபாரத்தில் விட்டுப்போன பேர்

பைண்டிங் கடையில் மடிப்பு வேலைக்குப் பக்க நம்பர் தெரிந்தால் போதும். கதையும் தெரிந்துவிட்டால் அவஸ்தைதான்.

இடது கையில் கரண்டி, வலது கையில் பேனா. அடுப்பில் மைதாப் பசை கொதிக்கிறது. பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டிருக்கிறேன், அந்த வாடை தலைக்கேறுகிறது. கிளறுவதை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். அதனால் எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாவதோடு நின்றவள் நான். ராசா கதை ஒன்றைப் பாதியில் தொலைத்துவிட்டு, அப்புறம் என்ன ஆச்சோ என்று சோறு இறங்காமல் இருந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அவர்களுக்கு என் பாடு புரியும்.

செத்த பிறகு பிறந்த பிள்ளை

அச்சகத்திலிருந்து எங்களுக்குப் பெரிய பெரிய தாளாக வரும். ஒரு தாளில் பதினாறு பக்கம். மூன்று தடவை மடித்தால் பக்கம் வரிசைக்கு வந்துவிடும். அதுதான் ஒரு ஃபாரம். எந்த ஃபாரம் முதலில் அச்சாகிறதோ அது முதலில் வரும். அந்தச் சரித்திர நாவலில் எனக்கு முதலில் வந்தது பதினாலாம் ஃபாரம். போருக்குத் தப்பி ஒரு தாய் காவிரியைப் பரிசலில் கடக்கிறாள். இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில், அவள் பிள்ளை கை நழுவித் தண்ணீரில் போய்விடுகிறது. மடிப்பதை விட்டுப்போட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து மூன்றாம் ஃபாரம் வந்தது. அதில் அதே தாய், அதே பிள்ளை, சிரித்துக்கொண்டு மடியில் கிடக்கிறது. எனக்கு நிலைகொள்ளவில்லை. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த மல்லிகா அக்காவைத் தட்டி, “அக்கா, அந்தப் புள்ள பொழச்சுக்கிச்சுங்க்கா!” என்றேன். அக்கா என் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “நம்பரப் பாரு அம்மணி. மூணு முன்னாடி, பதினாலு பின்னாடி. இப்பத்தான் பொறந்திருக்குது, சித்த நேரம் சிரிச்சுக்க.”

உயிரோடு இருக்கிறவர்கள்

ராசா காலத்துக் கதை எழுதுகிறவர்கள் எல்லாம் என்றைக்கோ செத்துப் போனவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கடைசி ஃபாரத்தில், எழுத்தாளரம்மா தன் வலைப்பூ முகவரியைப் போட்டிருந்தார். சரவணம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறபோது போனில் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தேன். திறந்துகொண்டது. இந்த நாவலையே அதில் வாரம் ஒரு அத்தியாயமாக எழுதியிருக்கிறார். எந்தக் கோயில் கல்வெட்டைப் பார்த்து எழுதினார், எந்த இடத்தில் தெரியாமல் முழித்தார் என்பதெல்லாம் இருந்தது. கீழே யார் யாரோ கேள்வி கேட்க, இவர் பதில் சொல்கிறார். அதில் ஓரமாக இன்னும் நாலு பேருடைய வலைப்பூ. ஒருவர் உப்பு வண்டிக்காரர்களைப் பற்றி எழுதுகிறார், ஒருவர் யானைக் கொட்டாரத்தைப் பற்றி. காந்திபுரத்தில் இறங்க மறந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடிவந்தேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தாமதத்துக்குக் காரணம் கேட்டார். பொய் சொல்ல வரவில்லை, இதைத்தான் சொன்னேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “உயிரோட இருக்கறவங்க எழுதுனதா? அப்பத் தப்பு வந்தா நேர்ல வந்து கேப்பாங்கம்மா. பாத்து மடி.”

பேர் இல்லாமல் போட்ட பின்னூட்டம்

கொடுமுடிக்குப் பக்கம் ஆற்றங்கரையில் பிறந்தவள் நான். எழுத்தாளரம்மா ஒரு அத்தியாயத்தில், பரிசலைக் கரையில் மல்லாத்தி வைத்துவிட்டுப் போனதாக எழுதியிருந்தார். அது மனசில் முள்ளாக இருந்தது. கரை சேர்ந்த பரிசலைக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள், தண்ணீர் வடிந்து காய வேண்டும். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு மூன்று நாள் பஸ் பயணம் ஆனது. எழுதுவது, அழிப்பது. கடைசியில் பேர் போடாமல் அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். என் பேரைப் போட்டு எங்கேயும் எதுவும் எழுதிப் பழக்கமில்லை. கடையில் நான் அம்மணி, வீட்டுப் பக்கம் யாழினி அம்மா. அது போதுமாக இருந்தது.

மறுநாள் பதில் வந்திருந்தது: “நல்லாச் சொன்னீங்க. அடுத்த பதிப்புல கவுத்து வெச்சுடறேனுங்க. பேர் சொல்லாமப் போனா உங்கள நான் எப்படிக் கூப்பிடறது கண்ணு?”

இரண்டு நாள்

நாவல் முழுக்க அந்தப் பிள்ளைக்குப் பேர் கிடையாது. கோயிலில் வைத்துத்தான் பேர் வைப்பேன் என்று தாய் வேண்டியிருக்கிறாள், போர் வந்து தள்ளிப்போகிறது. அதுவரைக்கும் பாப்பா, பாப்பாதான். அந்த ஆற்று அத்தியாயத்தை வலைப்பூவில் வாசித்தேன். பிள்ளை தண்ணீரில் போகும்போது, மனசுக்குள்ளேயே வைத்திருந்த பேரைத் தாய் முதல் தடவையாகக் கத்துகிறாள்: தேன்மொழி. கீழே எழுத்தாளரம்மா எழுதியிருந்தார். அது அவருடைய மகள் பேர். ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. முதலில் எழுதியபோது அவருக்கும் கை வரவில்லை, ‘பாப்பா’ என்றே விட்டிருந்தார். பிறகு துணிந்து மாற்றினார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பக்கமும் என்று இருந்தது.

எனக்குத் திக்கென்றது. நான் அழுத பக்கத்தில் பேர் இல்லையே. காலையில் போய் பதினாலாம் ஃபாரத்தைப் பிரித்துப் பார்த்தேன். ‘பாப்பா’ என்றுதான் இருந்தது. பழையதே அச்சாகியிருக்கிறது.

பாயிடம் சொன்னேனா? இல்லை. வேலை நேரத்தில் வாசித்தாயா என்று கேட்டால்? எட்டாவது படித்தவள் எழுத்தாளர் புத்தகத்தில் குற்றம் கண்டாளா என்றால்? வேலை போனால்? இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு மடித்தேன். அந்த இரண்டு நாளில், வெளியீட்டு விழாவுக்கென்று நூறு புத்தகம் தைத்து, அட்டை போட்டு, ஓரம் வெட்டி அடுக்கியாகிவிட்டது. அந்த நூறும் என் கணக்கு.

இரண்டாம் நாள் சாயங்காலம் மகள் யாழினியோடு காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். கூட்டம் தள்ளியதில் அவள் கை விட்டுப்போனது. ஒரு நிமிஷம் இருக்குமோ என்னவோ. ஸ்டாப் வந்தால் கண்டக்டரிடம் சொல்லக்கூடக் கூசுகிற நான், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். பூக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நான் கூப்பிட்டதற்கு என் பிள்ளை திரும்பிப் பார்த்தது.

மறுநாள் கடை திறந்ததும் பாயிடம் போய் நின்றேன். போனையும் ஃபாரத்தையும் மேசையில் வைத்தேன். பேர் இருக்க வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். அவர் இரண்டையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். “வாசிக்காதேன்னு நான் என்னைக்காச்சும் சொல்லிருக்கேனா? ரெண்டு நாளு ஏம்மா இத நெஞ்சுக்குள்ள வெச்சிருந்தே?”

இருநூற்றுப் பதினேழு

பாய் சொன்னபிறகு அச்சகத்தில் பதினாலாம் ஃபாரத்தை மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். மீதிப் புத்தகங்களுக்குச் சிரமமில்லை. வெட்டி முடித்த நூறில்தான் பாடு. அந்த ஒரு தாளை மட்டும் விரல்கடை விளிம்பு விட்டு அறுத்து, விளிம்பில் பசை தடவிப் புதுத் தாளை ஒட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மடிப்பு தெரியும்.

இன்றைக்குக் காலையில் எழுத்தாளரம்மாவே வந்துவிட்டார். நரைத்த தலை, பருத்திப் புடவை, கையில் மஞ்சப்பை. நான் நினைத்த மாதிரி இல்லை, ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிறவர் மாதிரி இருந்தார். யார் கண்டுபிடித்தது என்று பாய் என்னைக் காட்டி, கொடுமுடிப் பக்கத்துக்காரி, உங்கள் வலைப்பூவை வாசிக்கிறவள் என்று சொன்னார். புதுத் தாளில் அந்தப் பேர் இருந்த இடத்தை அவர் விரலால் தடவியபடியே என்னைப் பார்த்தார். “பரிசலக் கவுத்து வெக்கச் சொன்னது நீங்கதானுங்களா?” தலையாட்டினேன். பேரைக் கேட்டார். சொன்னேன். காதில் விழவில்லை என்று மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். நூறு தாளையும் தானே ஒட்டுவதாகப் பாயிடம் அனுமதி வாங்கிக் கோரைப்பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். பசை காய்ச்ச எழுந்த என்னிடம் நாலு வெள்ளைத் தாளை நீட்டினார். “அடுப்படியில சும்மாதான நிப்பீங்க. நடந்தத எழுதிக் குடுங்க கண்ணு, வலைப்பூவுல போட்டுடறேன்.”

பசை கெட்டிப்பட்டுவிட்டது. வாசிக்கத் தெரிந்த மடிப்புக்காரிக்கு ஒரே புத்தகத்தை இரண்டு தடவை பைண்டிங் போடுகிற வேலை வந்து சேரும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது, ஆனாலும் இனி ஒரு தடவை இப்படி ஒரு ஃபாரம் கைக்கு வந்தால் நான், இருங்கள், உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், “பரிமளா, பசை ஆச்சுங்களா கண்ணு?” என்று என் பேரைச் சொல்லித்தான், இதோ வாரேனுங்க என்று இங்கிருந்தே சத்தமாகச் சொல்லிவிட்டுக் கரண்டியை