மழைநாள் நகராவும் மூன்று களா நோன்பும்

உள்ளத்தில் ஒளித்து வைத்ததையும் அறிகிற இறைவனை முன்வைத்து இதை எழுதுகிறேன். சகோதரர்களே, ஒரு பொய்யும் சொல்லாமலே ஒரு மனிதன் பொய்யனாக முடியும். நான் இரண்டு நாள் அப்படி இருந்தேன், அதுவும் நோன்பு வைத்துக்கொண்டு. அந்த இரண்டு நாளும் எனக்குப் பசி தெரியவில்லை. தாகம் தெரியவில்லை. யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் காதில் விழாததுபோல் நடந்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருடம் அது. ஐப்பசி மழையோடு ரமலான் வந்தது. மேலூருக்கும் திருவாதவூருக்கும் நடுவில் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. என் அத்தா மாட்டுவண்டி ஓட்டுகிறவர், கைநாட்டு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்துத் தேறி, மேலூரில் ஒரு மண்டியில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன்.

என்னை மதுரைக்கு அனுப்பியபோது ஊரே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் என் தாயாரின் தம்பி சுல்தான் மாமு. மாட்டுத் தரகர். சந்தையில் பேசிப் பேசிப் பழகிய வாய்.

"மச்சான், வேதக்காரப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டீக. பயபுள்ள தொப்பியக் கழட்டிட்டுத்தான் வந்து நிக்கப்போறான், பாருங்க" என்பார். தம் பையன்கள் இருவரையும் அவர் பள்ளிக்கூடம் பக்கமே விடவில்லை. அத்தா மாட்டைத் தடவிக்கொண்டு நிற்பார்.

எங்கள் ஊரில் நோன்பு திறக்கிற வழக்கத்தைச் சொல்லவேண்டும். மாலையில், பாங்கு சொல்கிற மோதினார் கண்மாய்க் கரையில் ஏறி மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார். சூரியன் முழுக்க மறைந்ததும் கையைத் தூக்குவார். உடனே பள்ளிவாசலில் நகரா என்கிற பெரிய முரசு முழங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வீடுகளில் பெண்கள் வாயில் தண்ணீர் வைப்பார்கள். மேகம் மூடிய நாளில், கைமுடி கண்ணுக்குத் தெரியாத அளவு இருட்டும்வரை மோதினார் அசையமாட்டார். கஞ்சி ஆறிப்போகும். முணுமுணுப்பு கிளம்பும்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் சூரியனே தெரியாமல் மழை பிடித்தது. முதல் நாள் மாலை, கஞ்சிக் கலயத்தின் முன் உட்கார்ந்திருந்த சுல்தான் மாமு பொறுக்கமாட்டாமல் கத்தினார்:

"மோதினாரே, நோன்பு தொறக்கவா, விடிகாலச் சஹருக்கு எந்திரிக்கவா? சொன்னீகன்னா அதுக்குத் தக்கன உக்காருவோம்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். என்னிடம் பைக்கடிகாரம் இருந்தது. மண்டிக்கு வந்த ஒரு வியாபாரி கொடுத்த அச்சடித்த அட்டை இருந்தது. ரமலான் முப்பது நாளுக்கும் சஹர் முடிகிற நேரமும் நோன்பு திறக்கிற நேரமும் அதில் வரிசையாகப் போட்டிருந்தது. "இனிமேல் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அச்சில் இருக்கிறது" என்றேன்.

"அச்சுல இருந்தாலும் கொஞ்சம் பொறு மாப்ள" என்றார் மோதினார்.

"பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது. கடிகாரத்துக்கு மங்காது" என்றேன். நோன்போடு இருந்த வாயால், நாற்பது வருடம் அந்தக் கரையில் நின்ற மனிதரைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜமாஅத்தார் என் பக்கம் சாய்ந்தார்கள். மூன்று நாளும் என் சொல்லுக்குத்தான் நகரா முழங்கியது. கஞ்சி சூடாக இறங்கியது. அத்தா வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

நான்காம் நாள் வானம் வெளுத்தது. அட்டையில் போட்ட நிமிஷம் வந்தபோது நானும் கரையில் நின்றேன். எதிரே பனைமரங்களுக்கு மேலே, சிவப்பாக, முழுசாக, சூரியன் நின்றுகொண்டிருந்தது.

மோதினாருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. "நேரம் ஆச்சா மாப்ள?" என்றார்.

"இன்னும் இல்லை" என்றேன். அதற்குப் பிறகு ஏழு நிமிஷம் கழித்துத்தான் சூரியன் இறங்கியது.

கடிகாரம்தான் முந்திவிட்டது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலை மேலூர்த் தபாலாபீஸ் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூடப் பிசகில்லை. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் நாகப்பட்டினம் என்று இருந்தது.

கிழக்கே உள்ள ஊரில் சூரியன் முந்தி உதிக்கும், முந்தி மறையும். பூகோளப் பரீட்சையில் படம் போட்டு எழுதி வாத்தியாரிடம் மெச்சுதல் வாங்கியவன் நான். அந்த அட்டை அந்தத் துறைமுகத்துக்குச் சரியான அட்டை. எங்கள் ஊருக்கு மூன்று நாளும் பொழுது இருக்கும்போதே நோன்பை முறித்தது நான்தான். சேற்றில் நாற்றுநட்டுவிட்டு வந்த பெண்களின் நோன்பு, வண்டி இழுத்துவிட்டு வந்தவர்களின் நோன்பு, எல்லாம் என் கையால் போயிற்று.

யாருக்கும் தெரியாது. மேகம் மறைத்துவிட்டது. நான் வாயை மூடினால் போதும். ஆனால் அவர்கள் திரும்ப வைக்கவேண்டிய மூன்று நோன்பும் வைக்கப்படாமலே போகும். சொன்னாலோ, அத்தாவின் தலை குனியும். "படிப்பு இதுக்குத்தானா" என்ற பேச்சு தலைமுறைக்கும் நிற்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். சுஜூதில் நெற்றியை வைத்து அழுதேன். "யா அல்லாஹ், என்னைப் பெரியவனாக்க வேண்டாம். நயவஞ்சகனாக மட்டும் விட்டுவிடாதே. என் வாய் தானாகத் திறக்காது. நீ திற."

தொழுகை முடிந்தது. யாரும் எழுவதற்கு முன் சுல்தான் மாமு எழுந்தார். கையில் புதுத் துண்டு.

"படிப்பப் பத்தி நான் வாயாடுனது தப்புத்தான். இந்தத் துண்ட எங்க மாப்ளைக்குப் போடுறேன். அந்த அட்டையச் சட்டம் போட்டுப் பள்ளியில மாட்டணும். என் பயலுக ரெண்டு பேரையும் தைப் பொறந்ததும் மேலூர்ப் பள்ளிக்கூடத்துல சேக்கப்போறேன்!"

அத்தாவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்தில் வாயை மூடிக்கொள்ளத்தான் எல்லாமே சொல்லிற்று. என் வாய் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தவன் நானல்ல. துறைமுகத்து அட்டை, ஏழு நிமிஷம், மூன்று நோன்பு, மறைத்த இரண்டு நாள், அத்தனையும் சொன்னேன். மோதினாரைப் பார்த்து, "உங்கள் கண்ணைக் குறை சொன்னேன், மன்னியுங்கள்" என்றேன்.



"அடப் பாவி! மூணு நோன்பையும் முழுங்கிப்புட்டியேடா!" என்றார் மாமு.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். இமாம் கையமர்த்தினார். "தெரியாமல் திறந்தவர்கள் மீது குற்றமில்லை. ஆனால் அந்த மூன்று நோன்பும் களாவாகிவிட்டது, திரும்ப வைத்தாக வேண்டும். பெருநாளுக்குப் பிறகு அவரவர் சௌகரியப்படி வையுங்கள்" என்றார்.

மோதினார் எழுந்தார். "அவரவர் என்ன? ஒண்ணாத்தான் முறிச்சோம். ஒண்ணாவே வைப்போம். நகராவ நான் அடிக்கச் சொல்றேன்" என்றார். மாமு என்னைப் பார்த்தார், கையிலிருந்த துண்டைப் பார்த்தார், நேரே போய் மோதினார் தோளில் போட்டார். பள்ளிவாசலே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

பெருநாள் முடிந்த மறுநாளே ஊர் முழுக்க நோன்பு வைத்தது. மூன்று நாள். ஒரு வீடு தவறவில்லை. கஞ்சிக் கலயம் மறுபடி ஏறியது. பக்கத்துத் தெரு விவசாயிகள், "என்ன பாய், பெருநாள் முடிஞ்சும் பட்டினியா?" என்று கேட்டார்கள். யாரும் என் பெயரைச் சொல்லிக் குறைபடவில்லை. "எங்க கணக்குல கொஞ்சம் பாக்கி" என்று சொல்லிச் சிரித்தார்கள். இப்படிப்பட்ட ஜமாஅத்தில் பிறந்தேன் என்று எண்ணும்போது இன்றும் என் நெஞ்சு நிமிர்கிறது. தையில் மாமுவின் பையன்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள்.

அத்தா மட்டும் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனம் ஆறவில்லை என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் மேலூர்ச் சந்தையில் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் அத்தா இன்னொரு வண்டிக்காரரிடம் பேசுவது கேட்டது.

"எம்மவன் என்னா படிச்சிருக்கான்னு கேட்டீகளே அண்ணே? ஊருக்கு முன்னால நின்னு 'எந் தப்பு'ன்னு சொல்ற அளவுக்குப் படிச்சிருக்கான். ஒரு ஊரையே மூணு நோன்பு கூட வைக்க வச்சவன் அண்ணே அவன்! அம்புட்டுப் படிப்பு!"

நான் வெளியே தலை காட்டவில்லை. நின்ற இடத்திலேயே இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

அன்று முதல் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சகோதரர்களே, இந்த ரமலானில் உங்கள் நெஞ்சிலும் சொல்லாத ஒன்று கனத்துக்கொண்டிருந்தால், நோன்பு முடியட்டும் என்று காத்திராதீர்கள். சுஜூதில் விழுந்து கேளுங்கள். இறைவன் வாயைத் திறக்க வைப்பான். கேட்கிறவர்கள் மனதையும் அவனே இளக்குவான். நான் பார்த்தேன்.